டிராக்கின் பெரும் எண்கள் கருதுகோள்

டிராக்கின் பெரும் எண்கள் கருதுகோள் என்பது அணுக்களை விவரிக்கும் மாறிலிகளுக்கும் அண்டத்தின் அகவைக்கும் இடையே அடிப்படையான தொடர்பு ஒன்று உண்டு எனக் கொள்ளும் ஓர் அண்டவியல் கருத்து ஆகும். குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளுள் ஒருவரான பால் டிராக் இதனை 1937 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நேச்சர் இதழில் வெளிவந்த சிறு கடிதம் ஒன்றில் முன்வைத்தார். இக்கருதுகோள் சரியானால், மாறாதது என்று பாடநூல்கள் கூறும் நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி உண்மையில் மாறிலியே அன்று; அண்டத்தின் அகவை கூடக்கூட அதன் மதிப்பு குறைந்துகொண்டே வரவேண்டும்.

இது நிறுவப்பட்ட கோட்பாடு அன்று, ஊகம். பின்னர் செய்யப்பட்ட அளவீடுகள், டிராக் எதிர்பார்த்த அளவிலான குறைவு இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. ஆயினும் அண்டவியல், மரபார்ந்த புலக்கோட்பாடு, குவாண்டம் இயற்பியல் ஆகிய மூன்றையும் இணைக்க எழுந்த ஊகங்களுள் இது தனி இடம் பெறுகிறது. அத்தகைய ஊகங்கள் பலவற்றைச் சோதித்துப் பார்க்கவே வழியிருப்பதில்லை. டிராக்கின் ஊகமோ, பூமியின் கடல்கள் ஒரு காலத்தில் கொதித்திருக்க வேண்டும் என்பது வரை திட்டவட்டமான விளைவுகளைக் கொண்டிருந்தது.

அலகற்ற எண்கள்

ஒளியின் வேகம் நொடிக்கு 299,792,458 மீட்டர். இவ்வெண்ணில் இயற்கையின் இரகசியம் ஏதும் இல்லை. மீட்டருக்குப் பதில் அடியையும், நொடிக்குப் பதில் நாழிகையையும் பயன்படுத்தினால் வேறோர் எண் கிடைக்கும். ஆனால் புரோட்டானின் நிறையை எலக்ட்ரானின் நிறையால் வகுத்தால் கிடைக்கும் 1836 என்ற எண் எந்த அலகையும் சார்ந்ததன்று. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளில் அறிவுடைய உயிர்கள் இருந்து, அவை இயற்பியல் பயின்றால், அவற்றிற்கும் இதே எண்தான் கிடைக்கும். இத்தகையவை அலகற்ற எண்கள் அல்லது பரிமாணமற்ற எண்கள் எனப்படும். பொறியியல் மாணவர்கள் பாய்ம இயக்கவியலில் பயிலும் ரேனால்ட்ஸ் எண் இவ்வகையைச் சேர்ந்தது.

அணு இயற்பியலில் வரும் அலகற்ற எண்கள் பெரும்பாலும் அவ்வளவு பெரியவை அல்ல. மேற்கூறிய 1836 ஒன்று. நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் மதிப்பான 137 மற்றொன்று. ஒரு முழுமையான கோட்பாடு கிடைக்கும் நாளில் இவற்றைக் கணித வழியில் பெற்றுவிடலாம் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் ஈர்ப்பைக் கொண்டு வந்தவுடன் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது.

ஐதரசன் அணுவை எடுத்துக்கொள்வோம். புரோட்டானுக்கும் எலக்ட்ரானுக்கும் இடையே மின்விசை ஒன்றும் ஈர்ப்பு விசை ஒன்றும் செயல்படுகின்றன. இரண்டுமே தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது தொலைவு நீங்கிவிடும். எஞ்சும் விகிதம் ஏறத்தாழ 2.3 × 10³⁹ ஆகும். இது எத்தகைய எண் என்பதை உணரவேண்டுமாயின், ஐந்து கோடிகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததை மேலும் பத்தாயிரத்தால் பெருக்கிப் பார்க்கலாம். வட்டத்தின் பை போன்ற எண்களையோ சிறு முழு எண்களையோ வழக்கமான முறையில் கூட்டியும் பெருக்கியும் இவ்வளவு பெரிய எண்ணைப் பெறுவது கடினம்.

இரண்டாவது எண் அண்டவியலிலிருந்து வருகிறது. அண்டத்தின் அகவையை ஆண்டுகளில் அளப்பது பூமி சூரியனைச் சுற்றிவருவதைச் சார்ந்த மனித வழக்கம். அதற்குப் பதிலாக அணுவே தரும் ஒரு கால அளவைக் கொள்ளலாம். எலக்ட்ரானின் மின்புலத்தில் அடங்கிய ஆற்றலே அதன் நிறை என மரபார்ந்த மின்காந்தப் புலக்கோட்பாட்டின்படி கொண்டால், எலக்ட்ரானுக்கு ஓர் ஆரம் கிடைக்கும். இவ்வாரத்தை ஒளி கடக்கும் நேரம் ஏறத்தாழ 9.4 × 10⁻²⁴ நொடி ஆகும். டிராக் எழுதிய காலத்தில் அண்டத்தின் அகவை சுமார் 200 கோடி ஆண்டுகள் என மதிப்பிடப்பட்டது. இதனை அணுக்கால அலகால் வகுத்தால் கிடைப்பது 7 × 10³⁹. இன்று ஏற்கப்படும் 1380 கோடி ஆண்டுகளைக் கொண்டு கணக்கிட்டால் 4.6 × 10⁴⁰ ஆகிறது.

மூன்றாவது எண் அண்டத்தில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டிராக் இதனை 10⁷⁸ அளவினது எனக் கொண்டார். இன்று காணத்தக்க அண்டத்திற்கு ஏறத்தாழ 10⁸⁰ எனக் கூறப்படுகிறது. இது முதலிரண்டு எண்களின் இருமடியை ஒட்டியது.

இங்கு ஒரு எச்சரிக்கை தேவை. ஐதரசன் அணுவுக்குப் பதில் இரு புரோட்டான்களை எடுத்துக்கொண்டால் முதல் எண் 1.2 × 10³⁶ ஆகிவிடும். இரு எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டால் 4.2 × 10⁴² ஆகும். பத்தின் ஆறு அடுக்குகள் அளவிற்கு இடைவெளி உள்ளது. எனவே எண்கள் பொருந்துகின்றன என்று கூறும்போது, பொருந்தும் இணையை நாமே தேர்ந்தெடுத்துள்ளோம் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். கருதுகோளின் மிக மெலிந்த பகுதி இதுவே எனலாம்.

முன்னோடிகள்

பத்தின் நாற்பதாம் அடுக்கை ஒட்டிய எண்களை முதலில் கவனித்தவர் டிராக் அல்லர். செருமானியக் கணிதவியலாளர் ஹெர்மன் வெய்ல் 1918 இல் ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே மரபார்ந்த புலக்கோட்பாட்டில் இணைக்க முயன்றார். அக்கோட்பாட்டில் ஓர் அளவுகோலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் சென்றால் அதன் நீளம் சென்ற வழியைப் பொறுத்து மாறக்கூடும். அவ்வாறாயின் அணுக்கள் வெளியிடும் ஒளியின் அலைநீளமும் அவ்வணுக்களின் கடந்தகால வரலாற்றைப் பொறுத்து மாறவேண்டும். ஆனால் எங்கிருந்து வந்த ஐதரசனும் ஒரே நிறமாலையைத்தான் தருகிறது என்று ஐன்ஸ்டைன் மறுப்புத் தெரிவித்தார். மறுப்பு வலுவானது. எனினும் வெய்லின் கணிதம் வீணாகவில்லை. 1927 இல் பிரிட்ஸ் லண்டனும் 1929 இல் வெய்லும், மாறுவது நீளமன்று, குவாண்டம் அலையின் கட்டமே எனக் காட்டினர். இன்றைய துகள் இயற்பியலின் கேஜ் கோட்பாடுகள் அதிலிருந்து வளர்ந்தவை. இம்முயற்சிகளுக்கு இடையே, எலக்ட்ரானின் ஆரத்திற்கும் அதன் ஈர்ப்பு ஆரத்திற்கும் உள்ள மாபெரும் விகிதத்தை வெய்ல் 1919 இல் சுட்டிக்காட்டினார்.

ஆர்தர் எடிங்டன் இன்னும் துணிவாகச் சென்றார். அண்டத்தில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை சரியாக 136 × 2²⁵⁶ என்றும், நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் மதிப்பு முதலில் 136 என்றும் பின்னர் 137 என்றும் தூய சிந்தனையின் மூலமே பெற முயன்றார். அளவீடு 136 ஐ விட்டு 137 ஐ நெருங்கியபோது அவரது வாதமும் உடன் நகர்ந்தது பலருக்கு ஐயத்தை ஏற்படுத்தியது. 1931 இல் கைடோ பெக், ஹான்ஸ் பேத்தே, வொல்ப்காங் ரீஸ்லர் ஆகிய மூன்று இளைஞர்கள், தனிச்சுழி வெப்பநிலையான -273 பாகையை 137 இலிருந்து பெறும் கட்டுரை ஒன்றை ஒரு செருமானிய அறிவியல் இதழுக்கு அனுப்பினர். 137 ஐ இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 273. செல்சியசு அளவுமுறை நீரின் உறைநிலையை வைத்து மனிதர் வகுத்தது என்பதால் இது முழுக்க முழுக்கக் கேலியே. இதழாசிரியர் அதனை உண்மைக் கட்டுரை எனக் கருதி வெளியிட்டுவிட்டார். அலகற்ற எண்ணுக்கும் அலகுள்ள எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எடிங்டனோடு 1935 இல் வெண்குறுமீன்கள் குறித்துக் கருத்து மோதல் கொண்டவரும், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவருமான சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. டிராக்கின் கடிதம் வெளிவந்த சில மாதங்களில், அதே 1937 இல், அவர் நேச்சர் இதழில் ஒரு குறிப்பை எழுதினார். பிளாங்க் மாறிலி, ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு விண்மீனின் நிறையை ஒத்த அளவைப் பெறலாம் என்பது அதன் சாரம். விண்மீன் ஒன்றில் உள்ள துகள்களின் எண்ணிக்கை 10³⁹ இன் ஒன்றரை அடுக்கு, அதாவது ஏறத்தாழ 10⁵⁸ ஆகும். எடிங்டனின் எண்களைப் போலன்றி, இதன் பின்னால் விண்மீன் எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்ற இயற்பியல் உள்ளது. இக்குறிப்பு பின்வரும் டிக்கின் விளக்கத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

கருதுகோளும் அதன் விளைவுகளும்

டிராக்கின் வாதம் மிக எளிமையானது. மின்விசைக்கும் ஈர்ப்பு விசைக்கும் உள்ள விகிதம் மாறாத எண். அண்டத்தின் அகவையோ நாள்தோறும் கூடுகிறது. இரண்டும் இன்று ஒத்திருப்பது தற்செயல் என்றால், நாம் மிகச் சிறப்பான ஒரு காலத்தில் வாழ்கிறோம் என்று பொருள். தற்செயல் அன்று என்றால், அகவை கூடும்போது முதல் எண்ணும் உடன் கூடவேண்டும். டிராக் இரண்டாவதைத் தேர்ந்தார். இயற்கையில் தோன்றும் மாபெரும் அலகற்ற எண்கள் யாவும் எளிய கணித உறவுகளால் பிணைக்கப்பட்டவை என்பதை அவர் பொதுக் கொள்கையாகவே கொண்டார்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. அணுவின் மாறிலிகள் மாறாதவை எனக் கொண்டால், ஈர்ப்பு மாறிலி அண்டத்தின் அகவைக்கு எதிர்விகிதத்தில் குறையவேண்டும். மேலும், புரோட்டான்களின் எண்ணிக்கை அகவையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் கூடவேண்டும். அதாவது பொருள் இடைவிடாது தோன்றிக்கொண்டிருக்கவேண்டும். இந்த இரண்டாம் முடிவை 1938 இல் அவர் விலக்கிக்கொண்டார். பொருள் அழியாது, தோன்றாது எனக் கொண்டு அவர் அவ்வாண்டில் அமைத்த அண்டவியல், அண்டத்தின் அகவையாக ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளையே தந்தது. கதிரியக்க முறையில் கணிக்கப்பட்ட பூமியின் பாறைகள் அதைவிடப் பழையவை.

கடிதம் வெளிவந்தபோது டிராக் புதிதாகத் திருமணமானவர். திருமணம் மனிதரை என்ன செய்துவிடுகிறது பாருங்கள் என்ற பொருளில் நீல்ஸ் போர் அப்போது வேடிக்கையாகக் கூறியதாக ஜார்ஜ் காமாவ் பின்னர் எழுதியுள்ளார். ஹெர்பர்ட் டிங்கிள் வேடிக்கையோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் நேச்சர் இதழில், அளவீட்டை விட்டு முதற்கொள்கைகளிலிருந்து இயற்கையை வருவிக்கும் பழைய அரிஸ்டாட்டிலியப் போக்கு திரும்பிவிட்டதாக எடிங்டன், மில்ன், டிராக் ஆகியோரைக் கடுமையாகச் சாடினார். டிராக்கைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டு முழுதும் நியாயமானது எனக் கூற இயலாது. அவரது கூற்றைப் பொய்ப்பிக்க வழியிருந்தது.

டெல்லரின் வாதம்

அவ்வழியை முதலில் திறம்படப் பயன்படுத்தியவர் எட்வர்ட் டெல்லர். அவர் 1948 இல் வெளியிட்ட வாதம், ஒரு மாறிலியின் சிறு மாற்றம் எவ்வாறு பெரும் விளைவாக வளர்கிறது என்பதற்குச் சிறந்த பாடம் ஆகும்.

ஈர்ப்பு வலுவாக இருந்தால் சூரியன் தன் எடையைத் தாங்க மேலும் வெப்பமாகவேண்டும். வெப்பம் கூடினால் ஒளிர்வும் கூடும். டெல்லரின் கணக்குப்படி, சூரியனின் ஒளிர்வு ஈர்ப்பு மாறிலியின் ஏழாம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதோடு, பூமியின் கோண உந்தம் மாறாததால், ஈர்ப்பு வலுவாக இருந்த காலத்தில் பூமி சூரியனுக்கு நெருக்கமாகவும் இருந்திருக்கும். சுற்றுப்பாதையின் ஆரம் ஈர்ப்பு மாறிலிக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், பூமி பெறும் வெப்பம் மேலும் இரண்டு அடுக்குகள் கூடி ஒன்பதாம் அடுக்கிற்குச் செல்கிறது. ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சு அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. ஆகவே பூமியின் வெப்பநிலை ஈர்ப்பு மாறிலியின் இரண்டேகால் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் அமையும்.

அண்டத்தின் அகவை 200 கோடி ஆண்டுகள் என்ற அக்கால மதிப்பீட்டின்படி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஈர்ப்பு மாறிலி இன்றையதைவிட 14 விழுக்காடு அதிகம். பூமியின் சராசரி வெப்பநிலையைத் தனி அளவில் 288 பாகை எனக் கொண்டால், அன்று அது 389 பாகையாக இருந்திருக்கும். இது நீரின் கொதிநிலையைவிட அதிகம். ஆனால் டிரைலோபைட்டுகள் முதலிய கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் அதற்கு முன்பும் அக்காலத்திலும் கடல்கள் இருந்ததை ஐயமற உறுதிப்படுத்துகின்றன.

அண்டத்தின் அகவை பின்னர் பல மடங்கு உயர்த்தப்பட்டதால் இவ்வாதத்தின் கூர்மை சற்றுக் குறைந்தது உண்மை. 1380 கோடி ஆண்டுகள் என்ற அகவையைக் கொண்டு அதே கணக்கை மீண்டும் செய்தால், கடல்கள் கொதிக்கும் காலம் சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தள்ளிப்போகிறது. ஆனால் புதைபடிவச் சான்றுகளும் அதற்குள் பின்னோக்கி நகர்ந்துவிட்டன. மேற்கு ஆசுதிரேலியாவின் பில்பரா பகுதியில் நுண்ணுயிர்கள் உருவாக்கிய படிவங்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பழமையானவை. அக்காலத்திற்கு இதே கணக்கு தரும் வெப்பநிலை 280 பாகை செல்சியசுக்குச் சற்று மேல். இளஞ்சூரியன் இன்றையதைவிட மங்கலாக இருந்தது என்ற திருத்தத்தைச் சேர்த்தாலும் நிலைமை சீராவதில்லை.

டிக்கின் விளக்கமும் டிராக்கின் மறுமொழியும்

எண்களின் ஒற்றுமை தற்செயலும் அன்று, இயற்கை விதியும் அன்று, மூன்றாவதாக ஒரு வழி உண்டு என 1961 இல் ராபர்ட் டிக் நேச்சர் இதழில் எழுதினார்.

அண்டத்தின் அகவையை அளப்பதற்கு அளப்பவர் ஒருவர் வேண்டும். அவருடைய உடலில் கரிமம் முதலிய தனிமங்கள் வேண்டும். பெருவெடிப்பு ஐதரசனையும் ஹீலியத்தையும் மட்டுமே போதிய அளவில் தந்தது. கரிமம் விண்மீன்களின் உள்ளே உருவாகி, அவை அழியும்போது வெளியே சிதறுகிறது. எனவே முதல் தலைமுறை விண்மீன்கள் வாழ்ந்து முடிவதற்கு முன் அகவையை அளக்க எவரும் இருக்க இயலாது. விண்மீன்கள் பெரும்பாலும் எரிந்து அணைந்தபின், வெப்பம் தரும் சூரியன்கள் இரா. ஆகவே அளப்பவர் காணும் அகவை, ஒரு விண்மீனின் ஆயுளை ஒட்டியே இருக்கும்.

விண்மீனின் ஆயுளை எது முடிவு செய்கிறது? ஈர்ப்பின் வலுவின்மையே. ஈர்ப்பு எவ்வளவு வலுவற்றதோ அவ்வளவு துகள்கள் திரண்டால்தான் விண்மீன் உருவாகும். அவ்வளவு எரிபொருளும் இருக்கும். சந்திரசேகர் சுட்டிய 10³⁹ இன் ஒன்றரை அடுக்கு இதுவே. கணக்கிட்டுப் பார்த்தால் விண்மீனின் ஆயுள் அணுக்கால அலகில் 10³⁹ இன் முதல் அடுக்கை ஒட்டி அமைகிறது. ஆக, இரு பெரும் எண்களும் ஒத்திருப்பதற்கு ஈர்ப்பு மாறவேண்டிய தேவை இல்லை. காண்பவர் இருக்கும் காலத்தில் அவை ஒத்தே இருக்கும். பிரண்டன் கார்ட்டர் 1974 இல் மாந்தவியல் கொள்கை எனப் பெயரிட்ட கருத்தின் தொடக்கங்களுள் இது முக்கியமானது.

அதே இதழிலேயே டிராக் சில வரிகளில் மறுமொழி கூறினார். டிக்கின் கருத்துப்படி உயிர் வாழத்தக்க கோள்கள் ஒரு வரம்புக்குட்பட்ட காலத்தில் மட்டுமே இருக்கும். தமது கருத்துப்படி அவை எதிர்காலத்தில் எல்லையின்றி இருக்கலாம், உயிர் என்றுமே அழியவேண்டியதில்லை. இரண்டிற்கும் இடையே முடிவு செய்யத் தீர்க்கமான வாதம் இல்லாத நிலையில், முடிவில்லா உயிர்வாழ்வுக்கு இடந்தரும் கருத்தையே தாம் விரும்புவதாக அவர் எழுதினார். கணித அழகையே அளவுகோலாகக் கொண்டிருந்தவர், சொற்சிக்கனத்திற்குப் பெயர்பெற்றவர், தம் விருப்பத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதியது வியப்புக்குரியது. இயற்பியல் வாதமாக இதனை ஏற்க இயலாது. ஆனால் இரு எண்களின் ஒற்றுமையைப் பற்றிய விவாதத்தில் உண்மையில் எது பணயமாக இருந்தது என்பதை வேறெந்தச் சமன்பாட்டையும்விட இது நன்கு காட்டுகிறது.

மாறிலி புலமாதல்

ஈர்ப்பு மாறிலி மாறுகிறது என்பதைப் பொதுச் சார்புக் கோட்பாட்டில் எழுதுவது எளிதன்று. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் ஒருபுறம் வெளி-காலத்தின் வளைவும், மறுபுறம் ஈர்ப்பு மாறிலியால் பெருக்கப்பட்ட பொருளும் ஆற்றலும் உள்ளன. இடப்புறம் ஒரு வடிவியல் முற்றொருமைக்குக் கட்டுப்பட்டது. அதன் விளைவாக வலப்புறத்தில் ஆற்றல் அழிவின்மை தானாகவே கிடைக்கிறது. மாறிலியின் இடத்தில் காலத்தோடு மாறும் ஒரு மதிப்பை எழுதினால் அந்த அழிவின்மை குலைந்துவிடும். மாற்றத்தைச் சுமக்க, ஆற்றலைத் தானே ஏந்தும் புதியதொரு புலம் தேவை.

செருமானிய இயற்பியலாளர் பாஸ்குவல் ஜோர்டான், டிராக்கின் ஊகத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மிகச் சிலருள் ஒருவர். வெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் திசையற்ற ஓர் எண்ணைத் தரும் திசையிலிப் புலம் ஒன்றை ஈர்ப்பு மாறிலியின் இடத்தில் வைத்து அவர் கோட்பாடு அமைத்தார். ஐந்தாவது பரிமாணம் கொண்ட கலூசா-கிளைன் கோட்பாட்டில் இத்தகைய புலம் இயல்பாகவே தோன்றுகிறது. 1961 இல் கார்ல் பிரான்சும் டிக்கும் வெளியிட்ட பிரான்சு-டிக் கோட்பாடு இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. டிக்கிற்கு உந்துதலாக இருந்தது டிராக்கின் எண்களைவிட, ஒரு பொருளின் நிலைமம் தொலைவிலுள்ள பொருள்களால் விளைகிறது என்ற மாக்கின் கொள்கையே.

இக்கோட்பாட்டில் ஒமேகா என்ற ஓர் எண் உண்டு. அது சிறியதாக இருந்தால் திசையிலிப் புலத்தின் தாக்கம் மிகுதி. எல்லையற்றுப் பெரியதானால் ஐன்ஸ்டைனின் கோட்பாடே திரும்பக் கிடைக்கும். காசினி விண்கலத்தின் வானொலி அலைகள் சூரியனுக்கு அருகே கடந்தபோது அடைந்த தாமதத்தை அளந்து 2003 இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, ஒமேகா 40,000 ஐ விடப் பெரியதாக இருக்கவேண்டும். மூல வடிவில் இக்கோட்பாட்டிற்கு இன்று இடமில்லை என்றே கொள்ளலாம். ஆனால் திசையிலி-டென்சர் கோட்பாடுகள் என்ற பெருங்குடும்பம் இதிலிருந்தே வளர்ந்தது. இழைக் கோட்பாட்டில் வரும் டைலேட்டான் புலமும் இதன் உறவினரே.

டிராக் தாமும் இறுதிவரை இக்கருத்தைக் கைவிடவில்லை. புளோரிடாவில் பணியாற்றிய 1970களில் அவர் வெய்லின் பழைய வடிவியலுக்குத் திரும்பினார். அணுக்கள் காட்டும் தூர அளவு ஒன்று, ஐன்ஸ்டைனின் சமன்பாட்டில் வரும் தூர அளவு மற்றொன்று என இரண்டைக் கொண்டால், வெய்லுக்கு எதிரான ஐன்ஸ்டைனின் மறுப்பைத் தவிர்த்துவிடலாம் என்பது அவரது எண்ணம்.

காமாவின் மாற்று

டெல்லரின் வாதத்திலிருந்து கருதுகோளைக் காக்க 1967 இல் காமாவ் ஒரு வழி கூறினார். ஈர்ப்பு மாறவில்லை, எலக்ட்ரானின் மின்னேற்றத்தின் இருமடியே காலத்தோடு கூடுகிறது எனக் கொண்டாலும் விகிதம் அதேபோல் வளரும். இது ஓராண்டு கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மின்னேற்றம் மாறினால் நுண்கட்டமைப்பு மாறிலி மாறும். அது மாறினால் தொலைவிலுள்ள பேரடைகளின் நிறமாலைக் கோடுகளின் இடைவெளி மாறியிருக்கவேண்டும். ஜான் பாகால், மார்ட்டன் இசுமித் ஆகியோர் அதே ஆண்டில் ஐந்து வானொலிப் பேரடைகளின் ஆக்சிசன் கோடுகளை அளந்து, மாற்றம் ஆயிரத்தில் சில பங்குகளுக்கு மேல் இல்லை எனக் காட்டினர். பிரீமன் டைசன், மிகக் குறைந்த ஆற்றலோடு சிதையும் இரேனியம்-187 என்ற ஓரிடத்தான் பூமியில் இன்னும் எஞ்சியிருப்பதைக் கொண்டே காமாவின் கருத்தை மறுத்தார்.

அளவீடுகள்

ஈர்ப்பு மாறிலி அகவைக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றால், அது ஆண்டுக்கு 1380 கோடியில் ஒரு பங்கு, அதாவது 7 × 10⁻¹¹ அளவில் குறையவேண்டும். கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றினாலும், பூமி-சூரியன் இடைவெளியில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 மீட்டர் விரிவாகும். பூமி-நிலவு இடைவெளியில் ஆண்டுக்கு 2.8 சென்டிமீட்டர். நிலவு ஓதங்களின் விளைவாக ஏற்கனவே ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கிறது. இரண்டையும் பிரித்தறிவதுதான் சிக்கல்.

நிலவு விண்மீன்களை மறைக்கும் நேரங்களை ஆராய்ந்த தாமஸ் வான் பிளான்டர்ன், 1975 இல் டிராக் கூறிய அளவை ஒட்டிய குறைவைக் கண்டதாக அறிவித்தார். அது பின்னர் உறுதிப்படவில்லை. 1969 இல் அப்பல்லோ 11 வீரர்களும், பின்னர் அப்பல்லோ 14, 15 வீரர்களும் நிலவில் வைத்த எதிரொளிப்பான்களை நோக்கி லேசர் கதிர்களை அனுப்பி, அவை திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கும் பணி அன்றிலிருந்து தொடர்கிறது. செவ்வாயில் 1976 இல் இறங்கிய வைக்கிங் கலங்களும் இத்தகைய தரவுகளைத் தந்தன. நிலவு லேசர் அளவீடுகளின்படி ஈர்ப்பு மாறிலியின் மாற்றம் ஆண்டுக்கு 10⁻¹³ என்ற அளவைத் தாண்டவில்லை. டிராக் வேண்டிய அளவு இதைவிடச் சில நூறு மடங்கு பெரியது.

தொடக்க அண்டம் தரும் வரம்பு வேறு வகையில் கடுமையானது. அண்டம் தோன்றிய முதல் சில நிமிடங்களில் உருவான ஹீலியத்தின் அளவு, அப்போது அண்டம் எவ்வளவு விரைவாக விரிந்தது என்பதைப் பொறுத்தது. இன்று காணப்படும் ஹீலியத்தின் அளவிலிருந்து, அன்றைய ஈர்ப்பு மாறிலி இன்றையதிலிருந்து பத்து, இருபது விழுக்காட்டிற்கு மேல் வேறுபட்டிருக்க இயலாது எனத் தெரிகிறது. டிராக்கின் விதியோ அன்று அது 10¹⁵ மடங்கு பெரியதாக இருந்திருக்கவேண்டும் என்கிறது.

நுண்கட்டமைப்பு மாறிலிக்கான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்திலுள்ள யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையாகவே அணுக்கருப் பிளவுத் தொடர்வினை நிகழ்ந்தது 1972 இல் தெரியவந்தது. அங்கு எஞ்சிய சமாரியம்-149 இன் அளவை அலெக்சாண்டர் இசுலியாக்தர் 1976 இல் ஆராய்ந்தார். இவ்வணுக்கரு நியூட்ரானை விழுங்கும் திறன் மிகச் சிறிய ஆற்றல் மாற்றத்திற்கும் பெரிதும் மாறக்கூடியது. அன்றும் அது இன்றுபோலவே செயல்பட்டிருப்பதால், அக்காலம் முதல் நுண்கட்டமைப்பு மாறிலி ஒரு கோடியில் ஒரு பங்கைவிட அதிகம் மாறவில்லை. ஒளியியல் அணுக்கடிகாரங்களின் ஒப்பீடுகள் இன்று இம்மாற்றத்தை ஆண்டுக்கு 10⁻¹⁷ என்ற அளவிற்கும் கீழே வரம்பிடுகின்றன.

இருண்ட ஆற்றலும் பெரும் எண்களும்

ஈர்ப்பு மாறவில்லை என்றானபின் எண்களின் ஒற்றுமைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுடீவன் வைன்பர்க் 1972 இல் தமது நூலில் எடுத்துக்காட்டினார். பிளாங்க் மாறிலியின் இருமடியை அண்டம் விரியும் வீதமான ஹபிள் மாறிலியால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியாலும் ஒளிவேகத்தாலும் வகுத்து, கன மூலம் எடுத்தால் கிடைப்பது ஒரு நிறை. இன்றைய மதிப்புகளின்படி அது 1.1 × 10⁻²⁸ கிலோகிராம்; பையான் என்னும் துகளின் நிறையில் பாதியைவிடச் சற்றுக் குறைவு. ஓர் அணுத்துகளின் நிறைக்கும் பேரடைகள் விலகும் வேகத்திற்கும் என்ன தொடர்பு என்பதற்கு விடை இல்லை.

இதே காலத்தில், 1967 இல், சோவியத் இயற்பியலாளர் யாக்கொவ் செல்தோவிச், ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலியைக் குவாண்டம் வெற்றிடத்தின் ஆற்றலோடு இணைத்தார். வெற்றிடத்தில் கணநேரம் தோன்றி மறையும் துகள்களின் இடையேயான ஈர்ப்பாற்றலே அண்டவியல் மாறிலி எனக் கொண்டால், அது துகளின் நிறையின் ஆறாம் அடுக்கைச் சார்ந்திருக்கும். புரோட்டானின் நிறையைக் கொண்டு கணக்கிட்டால் மிகப் பெரிய மதிப்பு வருகிறது. பையானின் நிறையைக் கொண்டால் பிளாங்க் அலகில் 10⁻¹²⁰ ஐ ஒட்டி வருகிறது; அதாவது 10⁴⁰ இன் மும்மடியின் தலைகீழ். 1998 இல் தொலைதூர மீயொளிர் விண்மீன் வெடிப்புகளின் மூலம் அண்டத்தின் விரிவு வேகமடைவது கண்டறியப்பட்டு, அதற்குக் காரணமான இருண்ட ஆற்றலின் அடர்த்தி அளக்கப்பட்டபோது, அதன் மதிப்பு 10⁻¹²² அளவில் இருந்தது. அளவீடு இல்லாத காலத்தில் எழுந்த ஊகத்திற்கு இந்நெருக்கம் மோசமானதன்று. ஆனால் ஆறாம் அடுக்கு என்பதால் நிறையைச் சற்று மாற்றினாலே விடை பல மடங்கு மாறும். அது எந்த நிறை என்பதை முடிவு செய்யும் கோட்பாடும் நம்மிடம் இல்லை.

இருண்ட ஆற்றல் டிராக்கின் அடிப்படை வாதத்தையும் மாற்றியமைக்கிறது. ஹபிள் மாறிலி எக்காலமும் குறைந்துகொண்டே செல்லும் என்று 1937 இல் எண்ணப்பட்டது. இருண்ட ஆற்றலின் அடர்த்தி மாறாதது எனில், ஹபிள் மாறிலி இன்றைய மதிப்பின் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்று மேலான ஒரு மதிப்பில் நிலைத்துவிடும். அப்போது வைன்பர்க்கின் உறவில் காலத்தோடு மாறும் அளவு எதுவும் எஞ்சாது. இருபுறமும் மாறிலிகளே நிற்கும். அரிசோனாவில் உள்ள தொலைநோக்கியைப் பயன்படுத்தும் டெசி திட்டம் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பேரடை வரைபட ஆய்வுகள், இருண்ட ஆற்றலின் அடர்த்தி காலத்தோடு மாறக்கூடும் என்ற குறிப்பைத் தந்துள்ளன. இது கண்டுபிடிப்பு எனக் கூறத்தக்க உறுதியை எட்டவில்லை. எட்டினால், அதனை விளக்க முன்வைக்கப்படும் கோட்பாடுகளில் முதலில் நிற்பது காலத்தோடு மாறும் ஒரு திசையிலிப் புலமே ஆகும்.